சத்தமில்லாத அறை, நல்ல காட்சி: ரிசார்ட்டில் அறை தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ரிசார்ட்டில் காட்சி நன்றாக இருக்கும் பக்கத்தில்தான் நீச்சல் குளமும் இருக்கும். குளத்தை ஒட்டி பார், அதற்குப் பக்கத்தில் மேடை, மேடைக்கு எதிரே திறந்தவெளி உணவகம். கடலையோ மலையையோ ஏரியையோ பார்த்துக்கொண்டு உட்கார எல்லா விருந்தினருக்கும்தான் ஆசை. அதனால் கட்டியவர்கள் எல்லாவற்றையும் அந்தப் பக்கமே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். பின்பக்கத்துக்கு மிஞ்சுவது சாலை, பேருந்து நிற்கும் இடம், சரக்கு இறக்கும் வாசல், ஜெனரேட்டர். கூடுதல் பணம் கட்டிக் கடல் பார்த்த அறை வாங்கியவர் இரவு பதினொன்று வரை டிஜே கேட்டுக்கொண்டு படுத்திருப்பதும், சத்தம் வேண்டாம் என்று பின்பக்கம் போனவர் விடிகாலையில் குப்பை லாரிச் சத்தத்தில் எழுந்து உட்காருவதும் இதனால்தான்.

பெரும்பாலான ரிசார்ட்டுகளில் அமைதியும் காட்சியும் சேர்ந்த அறைகள் கொஞ்சமாவது உண்டு. அவற்றைப் பிடிக்க, வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும்: முதலில் சத்தத்தைக் கழித்துவிடுங்கள், மிஞ்சுகிற அறைகளில் காட்சியைத் தேடுங்கள். காட்சி படத்தில் தெரியும், சத்தம் தெரியாது. அதனாலேயே பலர் வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

வகைப் பெயர்களை எப்படிப் படிப்பது

முன்பதிவுப் பக்கத்தில் வரும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓரளவு பொதுவான பொருள் உண்டு. ஆனால் இவை சட்டம் வகுத்த பெயர்கள் அல்ல, ஹோட்டலுக்கு ஹோட்டல் நீளும், சுருங்கும்.

ஓஷன் ஃப்ரண்ட், பீச் ஃப்ரண்ட் என்றால் அறையின் முகப்பு நேராகக் கடலைப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓஷன் வியூ என்றால் கடல் தெரியும், அவ்வளவுதான். கட்டடம் கரைக்குச் செங்குத்தாக நிற்கும், பால்கனியில் நின்று கழுத்தைத் திருப்பினால் ஒரு பக்கமாக நீலம் தெரியும். பார்ஷியல் ஓஷன் வியூ என்றால் இரண்டு மரத்துக்கோ இரண்டு கட்டடத்துக்கோ நடுவில் ஒரு கீற்று. கார்டன் வியூ பெரும்பாலும் நல்ல தோட்டம்தான். ஆனால் வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் நாலு செடி வைத்திருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பூல் வியூ என்ற சொல்லைப் பார்த்ததும், பகல் முழுக்கக் குழந்தைகள் குதிக்கும் சத்தம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ரன் ஆஃப் ஹவுஸ் என்றால் அன்று எது மிச்சமோ அது. அமைதி தேடுபவர்கள் அதை வாங்கவே கூடாது.

அறையின் பெயரில் காட்சி எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால், காட்சி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காட்சியை யாரும் சொல்லாமல் விடமாட்டார்கள்.

வரைபடத்தில் அரை மணி நேரம்

இந்த வேலையில் அதிகப் பலன் தரும் அரை மணி நேரம் இதுதான். கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ரிசார்ட்டைப் பெரிதாக்குங்கள். தூரம் அளக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. குளங்கள் எங்கே, எத்தனை. சறுக்குப் பலகையோ ஆழமில்லாத வட்டக் குளமோ தெரிந்தால் அது குழந்தைகள் பக்கம். நீள்சதுரமாக, சுற்றிலும் படுக்கை நாற்காலிகளோடு ஒதுங்கி இருப்பது பெரியவர்கள் குளமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. கட்டடங்களுக்கு நடுவே மரமில்லாத அகலமான புல்வெளி இருக்கிறதா? அது பெரும்பாலும் திருமணமும் விருந்தும் நடக்கும் இடம்.

3. கூரைகளின் மேல் என்ன இருக்கிறது. சதுரப் பெட்டிகளில் வட்டமான மின்விசிறிகள் தெரிந்தால் அவை முழுக் கட்டடத்துக்கும் குளிரூட்டும் ஏசி இயந்திரங்கள் (சில்லர்கள் அல்லது கூலிங் டவர்கள்). அவற்றுக்கு நேர் கீழே உள்ள மாடியைக் கழித்துவிடுங்கள். கூரையில் குடைகளும் மேசைகளும் தெரிந்தால் அது ரூஃப்டாப் உணவகம். கடைசி வாடிக்கையாளர் போன பிறகு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கீழ் அறையில் இடி போலக் கேட்கும்.

4. சரக்கு வாசல். கட்டடத்தின் பின்புறத்தில் லாரி திரும்பும் அளவுக்கு இடம், பக்கத்தில் தகரக் கொட்டகை. சமையலறை, சலவை, ஜெனரேட்டர் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கும். குப்பை வண்டியும் பால் வண்டியும் காலை 5, 6 மணிக்கே வந்துவிடும்.

5. எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது. நெடுஞ்சாலை, ரயில் பாதை, பக்கத்து ரிசார்ட்டின் இரவு விடுதி, படகுத் துறை, கட்டுமானம் நடக்கும் மனை. உங்கள் ரிசார்ட் ஒழுங்காக இருந்தாலும் பக்கத்து மனையில் அஸ்திவாரத் தூண்களை நிலத்தில் அடித்து இறக்கினால் (பைலிங்) அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது தூரம். திறந்த வெளியில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80 டெசிபல் என்றால், 20 மீட்டரில் 74, 40 மீட்டரில் 68, 80 மீட்டரில் 62, 160 மீட்டரில் 56. ஜன்னல் சற்றுத் திறந்திருந்தால் அதிலிருந்து ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை நன்றாக மூடினால் 25 வரை குறையும். அதாவது 160 மீட்டர் தள்ளி, ஜன்னலை மூடிய அறைக்குள் 31 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் படுக்கையறைக்குச் சொல்லும் அளவு 30. ஆகவே மேடைக்கும் அறைக்கும் நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் 150 மீட்டருக்குக் குறைவான தூரத்தை நான் கழித்துவிடச் சொல்வேன். நடுவில் ஒரு முழுக் கட்டடம் மறைத்து நின்றால் 60, 70 மீட்டரே போதும். மரங்களை நம்பாதீர்கள், ஒரு வரிசைத் தென்னையோ வேலிச்செடியோ சத்தத்தைத் தடுப்பதில்லை, கண்ணுக்குத்தான் மறைக்கும்.

சாலைக்குக் கணக்கு வேறு. அது ஒரு புள்ளி அல்ல, நீளக் கோடு. தூரம் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் குறையும். அதோடு, தெளிவான, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேல் காற்று சூடாக இருந்தால் ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளையும். பகலில் கேட்காத நெடுஞ்சாலை இரவில் பக்கத்தில் ஓடுவது போல் கேட்பதற்குக் காரணம் இதுதான். கடற்கரையில் இரவானால் நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும் நாட்கள் உண்டு. அன்று பின்பக்கச் சாலையின் இரைச்சலைக் காற்றும் சேர்ந்து கொண்டுவரும். கடல் பக்க அறைக்குப் பின்னால் கட்டடமே தடுப்புச் சுவராக நிற்பதால் அது தப்பித்துக்கொள்ளும்.

பேஸ் ஒலியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 25 டெசிபல் பேச்சுக்கும் பாட்டுக்கும் பொருந்தும். டிஜேயின் 'தும் தும்' என்ற அடியொலிக்குப் பொருந்தாது. கீழ்ச்சுருதி ஒலியைத் தடுக்கச் சுவரும் கண்ணாடியும் கனமாக இருக்க வேண்டும். ஹோட்டலில் கண்ணாடி தடிமனாக இருந்தாலும் சட்டத்தின் இடுக்கு இருக்கிறதே. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு விழுந்தால் எவ்வளவு நல்ல சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

கட்டடத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். 'ப' வடிவக் கட்டடத்தின் நடுவில் குளம் இருந்தால் மூன்று சுவர்களும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். உட்பக்க அறைகள் எல்லாமே சத்தமான அறைகள்தான், மாடி ஏறினாலும் பெரிதாகக் குறையாது. 'ப'வின் இரு கை நுனிகளில், வெளிப்பக்கம் பார்த்த அறைகள்தான் அந்த வகைக் கட்டடத்தில் தேடத் தக்கவை. ஏட்ரியம், அதாவது நடுவில் கீழிருந்து மேல்மாடி வரை திறந்த கூடம், உள்ள ஹோட்டலிலும் இதே கதை. அட்லாண்டாவில் ஜான் போர்ட்மேன் வடிவமைத்து 1967-இல் திறந்த ஹயாத் ரீஜென்சியில் 22 மாடி உயர ஏட்ரியம் பெரும் புகழ் பெற்றது. அதன் பிறகு உலகெங்கும் பலர் அதே பாணியில் கட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அறைக் கதவு நடு வெளியைப் பார்த்துத் திறப்பதால் கீழே காலை உணவுக்குத் தட்டு வைக்கும் சத்தம் மேல்மாடிக் கதவு வரைக்கும் ஏறிவரும்.

மாடியும் காரிடாரும்

கட்டடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இனி அதற்குள் எந்த அறை?

பொதுவாக அறை எண்ணின் முதல் இலக்கம் மாடி, மீதி இரண்டு இலக்கம் காரிடாரில் இடம். ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் எதிர்ப்பக்கம் என்று வைப்பது வழக்கம். ஒரு விருந்தினர் 512-இலிருந்து கடல் தெரிகிறது என்று எழுதியிருந்தால் 510, 514 அறைகளும் அதே பக்கம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்த ஒரு குறிப்பை வைத்தே பாதித் திட்டத்தை வரைந்துவிடலாம்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் பக்கத்து அறைக்குத் திறக்கும் இடைக்கதவு. சுவர் எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும் அந்தக் கதவின் அடி இடுக்கு வழியாகப் பக்கத்து அறை டிவியின் செய்தி வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். அடுத்தது லிஃப்ட்: மணி அடிப்பது, கதவு திறப்பது, காத்திருப்பவர்கள் பேசுவது. குறைந்தது ஐந்தாறு கதவு தள்ளி இருக்க வேண்டும். மூன்றாவது ஹவுஸ்கீப்பிங் அறை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் காலை 7 மணிக்கு டிராலிகள் உருள்வதும் வாளி மோதுவதும் வாக்கி-டாக்கி கரகரப்பதும் அங்கிருந்துதான். ஐஸ் மெஷின் இருக்கும் மூலையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி அறைதான் அமைதி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் மட்டுமே பக்கத்து அறை, வாசலைக் கடந்து யாரும் போவதில்லை, அது சரிதான். ஆனால் காரிடாரின் முடிவில் அவசரகாலப் படிக்கட்டு இருக்கும். ஊழியர்கள் மாடிக்கு மாடி அந்த வழியாகத்தான் போவார்கள், தீக்கதவு ஒவ்வொரு முறையும் தானாக மூடிக்கொண்டு 'தடால்' என்று விழும். படிக்கட்டு அங்கே இருந்தால், கடைசியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது அறையே மேல்.

மேல்மாடி விஷயத்தில் ஒரு நன்மை உறுதி: தலைக்கு மேல் யாரும் நடக்கமாட்டார்கள். காலடிச் சத்தம் கட்டடத்தின் உடம்பு வழியாக வருவதால் காது அடைப்பானுக்கும் முழுசாக அடங்காது; டைல்ஸ் தரை உள்ள ரிசார்ட்டில் மேலே நாற்காலி இழுத்தால் கீழே எழுந்துவிட வேண்டியதுதான். ஆகக் கூரையில் இயந்திரமும் உணவகமும் இல்லை என்றால் மேல்மாடி. இருந்தால் அதற்கு ஒரு மாடி கீழே. ஜிம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள், எடையைக் கீழே போடும் சத்தம் இரண்டு மாடி தாண்டும்.

தனித்தனி வில்லா, காட்டேஜ் என்றால் இந்தப் பட்டியலில் பாதி மறைந்துவிடும். ஆனால் வேறு சில வந்து சேரும். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடாகக் கட்டியவற்றையும் வில்லா என்று விற்பார்கள். நடுச்சுவர் பொதுவா என்று கேளுங்கள். பேட்டரி வண்டி ஓடும் பாதை வாசலை ஒட்டிப் போகிறதா, வண்டி திரும்பும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிவர்ஸ் பீப் சத்தம் காலையில் பெரிய தொல்லை. நீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் வில்லாக்களில் தரைக்கு அடியில் அலை தட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்கு இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பு. நீங்கள் எந்த ரகம் என்று தெரியாவிட்டால், முதல் தடவை ஒரே ஒரு இரவுக்கு மட்டும் அதை எடுங்கள்.

காட்சி: எங்கிருந்து, எந்த நேரத்தில்

சத்தத்தைக் கழித்த பிறகு ஒரு பிரிவும் இரண்டு மூன்று மாடிகளும் மிஞ்சியிருக்கும். இப்போதுதான் காட்சி.

முதலில் மாடி எண்ணில் ஒரு குழப்பம். சில நாடுகளில் தரைத்தளமே முதல் மாடி, வேறு சிலவற்றில் அதற்கு மேல் உள்ளதுதான் முதல் மாடி. 3ஆம் மாடி என்று கேட்டு வாங்கும்போது தரைக்கு மேல் எத்தனையாவது என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரு மாடிக்குச் சுமார் 3.3 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

மரம்தான் முக்கியமான எதிரி. நன்கு வளர்ந்த தென்னை 20 மீட்டரையும் தாண்டும். ஆனால் ரிசார்ட்டுகளில் நட்டவை பெரும்பாலும் 8 முதல் 12 மீட்டர் உயரத்தில் நிற்கும். தென்னையின் தண்டு ஒல்லி, மறைப்பது அதன் தலை. எனவே கீழ் மாடிகளில் தண்டுகளுக்கு நடுவே கடல் தெரியும், மரத்தின் தலைக்கு மேலே உள்ள மாடிகளிலும் தெரியும், தலைக்கு நேர் எதிரே இருக்கும் இரண்டாம் மூன்றாம் மாடிகளில் மட்டும் ஓலை தவிர ஒன்றும் தெரியாது. உயரமான மாடிதான் எப்போதும் நல்ல காட்சி என்பது இங்கே பொய்த்துப்போகும்: முதல் மாடிக்காரர் அலையைப் பார்ப்பார், மூன்றாம் மாடிக்காரர் ஓலையைப் பார்ப்பார். ஆலமரம், புங்கை போன்ற குடை விரிக்கும் மரங்கள் என்றால் அடியில் இருப்பவருக்கும் ஒன்றும் கிடையாது.

அடுத்தது பால்கனிக் கைப்பிடி. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் காட்சியைப் பாதிக்கும் விஷயங்களில் இதுதான் பெரியது. கைப்பிடிச் சுவர் 1.1 மீட்டர் உயரம், கண்ணாடியோ கம்பியோ இல்லாமல் முழுக்க சிமென்ட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து சுமார் 1.18 மீட்டர் உயரத்தில் இருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணுக்கும் சுவரின் உச்சிக்கும் வித்தியாசம் 8 சென்டிமீட்டர்தான். பார்வை வெறும் 3 டிகிரி கீழே சாய முடியும். கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரமான ஆறாவது மாடியில் இப்படி உட்கார்ந்தால், கிட்டத்தட்ட 375 மீட்டருக்கு அப்பால் உள்ள தண்ணீர் மட்டுமே தெரியும். அலை உடைவது, மணல், கரையில் நடப்பவர்கள், எதுவும் தெரியாது. சாய்வு நாற்காலியில் படுத்தாலோ கண் 85 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். பிறகு சுவரும் வானமும்தான். எழுந்து நின்றால் எல்லாம் தெரியும், ஆனால் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்க யாரும் ரிசார்ட்டுக்குப் போவதில்லை. படங்களில் கைப்பிடி கண்ணாடியா, மெல்லிய கம்பியா, சுவரா என்று பாருங்கள். சுவர் என்றால் ஒரு மாடி கூடுதலாகக் கேட்பதில் பயனில்லை. வேறு கட்டடம் பாருங்கள்.

படுக்கையிலிருந்தே காட்சி வேண்டும் என்றால், கட்டில் ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறதா, பக்கவாட்டிலா என்பதைப் பாருங்கள். பக்கவாட்டில் போட்ட கட்டில்களே அதிகம்.

சூரியன். மேற்குப் பார்த்த அறையில் அஸ்தமனம் அழகு, ஆனால் பிற்பகல் முழுக்க வெயில் கண்ணாடியில் அடித்து, அறை இரவு வரை சூடாகவே இருக்கும்; ஏசியை உச்சத்தில் வைக்க வேண்டும், அதன் இரைச்சலும் கூடவே வரும். கிழக்குப் பார்த்த அறையில் திரை சரியாக மூடாவிட்டால் விடியலில் விழிப்பு. மேற்கு என்பதும் நிலையானதல்ல: மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில்தான் சூரியன் நேர்மேற்கில் மறைகிறது. பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கே உள்ள இடத்தில் ஜூன் கடைசியில் அது நேர்மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. 40 டிகிரி அட்சரேகையில் இந்த விலகல் 31 டிகிரி. அதனால் ஏப்ரலில் ஒருவர் எடுத்துப் போட்ட அஸ்தமனப் படம் டிசம்பரில் உங்கள் பால்கனியிலிருந்து குன்றுக்குப் பின்னால் ஒளிந்துவிடலாம். சன்கால்க் என்ற இணையதளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் மறையும் திசையைக் கோடாகவே காட்டிவிடும்.

விமர்சனங்களைச் சலிப்பது

நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், சொல்லைத் தேடுங்கள். விமர்சனப் பக்கத்தின் தேடல் பெட்டியில் சத்தம், பாட்டு, கட்டுமானம், ஜெனரேட்டர், சுவர், இடைக்கதவு ஆகியவற்றை ஆங்கிலத்திலும் அந்த ஊர் மொழியிலும் தேடுங்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றுக்கு இரட்டை மதிப்புக் கொடுங்கள், ஏனென்றால் பள்ளி விடுமுறையில் இருக்கும் குளமும் மழைக்காலத்துக் குளமும் ஒன்றல்ல. ஒருவர் புகார் சொல்லும்போது எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எழுதியிருந்தால் அதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே மூலையைத் திட்டியிருந்தால் முடிவு எழுதியாகிவிட்டது.

படங்களில் ஹோட்டல் போட்டதை விடுத்து விருந்தினர்கள் போட்டதைப் பாருங்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த படத்தில் கடல் பக்கத்திலேயே வந்து நிற்கும், அகலக்கோண லென்ஸில் எடுத்ததில் பால்கனி மைதானம் போல் இருக்கும். ட்ரோன் படமோ எந்த அறையின் காட்சியும் அல்ல.

ஹோட்டலுக்கு எழுதுவது

'அமைதியான அறை வேண்டும்' என்று எழுதினால் 'நிச்சயம் முயற்சிக்கிறோம்' என்ற பதில் வரும். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், அறை ஒதுக்கும் ஊழியருக்கு அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை. குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகச் செய்வார்கள். முன்பதிவு செய்த அன்றே ஒரு முறை, போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு முறை எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் அறை எண் முடிவாவது முந்தின நாளோ அன்று காலையோதான். மாதத்துக்கு முன்பு எழுதிய ஒரே கடிதம் அதற்குள் அடியில் போய்விடும். வாசகம் இப்படி இருக்கலாம்:

'வணக்கம். எங்கள் முன்பதிவு எண் இது, தேதிகள் இவை. எங்களுக்குத் தூக்கம் எளிதில் கலைந்துவிடும் என்பதால் மூன்று வேண்டுகோள், முக்கியத்துவ வரிசையில்: இடைக்கதவு இல்லாத அறை, லிஃப்டிலிருந்தும் ஹவுஸ்கீப்பிங் அறையிலிருந்தும் தள்ளிய அறை, தெற்குக் கட்டடத்தில் நான்காம் மாடிக்கு மேல், கடல் பார்த்தது. எங்கள் தேதிகளில் வளாகத்தில் திருமணமோ இசை நிகழ்ச்சியோ கட்டட வேலையோ இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில், எத்தனை மணி வரை? இவற்றுக்குப் பொருந்தும் அறை எண்கள் எவை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?'

கடைசிக் கேள்விதான் இதில் வேலை செய்யும் கேள்வி. எண்ணைச் சொல்ல வேண்டும் என்றால் ஊழியர் திட்டத்தை எடுத்துப் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டால் அந்த எண் உங்கள் பெயருக்கு நேரே குறிப்பாக ஏறிவிடும். திருமணம் இருக்கிறது என்று பதில் வந்தால், தேதியை மாற்றுங்கள். முடியாவிட்டால் காட்சியை விட்டுக்கொடுத்து வளாகத்தின் மறுகோடிக்குப் போங்கள். மூன்றாம் தரப்புத் தளத்தில் பதிவு செய்தவர்கள் ஹோட்டலுக்கு நேரடியாகவும் எழுத வேண்டும். தளத்தின் 'சிறப்பு வேண்டுகோள்' பெட்டியில் போடுவது பல நேரம் யார் கண்ணிலும் படாது. மாடியும் பக்கமும் வேண்டுகோள்தான், வாக்குறுதி அல்ல. நீங்கள் பணம் கட்டிய அறை வகை மட்டுமே வாக்குறுதி. காட்சி கட்டாயம் வேண்டும் என்றால் அது வகைப் பெயரிலேயே இருக்க வேண்டும்.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

செக்-இன் நடப்பது பிற்பகல் 2, 3 மணிக்கு. ரிசார்ட்டின் மிக அமைதியான நேரம் அது. பாட்டு தொடங்கியிருக்காது, பக்கத்து அறை காலியாக இருக்கும். அந்த அமைதியை நம்பிப் பெட்டியைப் பிரித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. பெட்டிகளைக் கீழேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போய்ப் பாருங்கள்.

கதவைச் சாத்தி அதன் பின்பக்கம் பாருங்கள். தீ விபத்தின்போது வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடம் அங்கே ஒட்டியிருக்கும். நீங்கள் இவ்வளவு நேரம் ஊகித்த மாடித் திட்டம் அதுதான்: உங்கள் அறை எங்கே, லிஃப்ட் எங்கே, படிக்கட்டு எங்கே, பெயரில்லாத சின்ன அறை எங்கே. அந்தப் பெயரில்லாத அறைதான் பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங். உங்கள் சுவரை ஒட்டி இருந்தால் அங்கேயே முடிவெடுங்கள்.

பிறகு ஏசியையும் டிவியையும் அணைத்து, மினிபார் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டு, ஒரு முழு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கேட்பது தொடர்ச்சியான ரீங்காரமா, விட்டுவிட்டு வருவதா? ரீங்காரம் என்றால் எங்கோ பம்போ சில்லரோ ஓடுகிறது, இரவிலும் ஓடும். கட்டில் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். மெல்லிய நடுக்கம் இருந்தால் இயந்திரம் அதே கட்டடத்தில். இனி பால்கனிக் கதவு. சறுக்குக் கதவு என்றால் மூடிவிட்டு, கீழ்த் தண்டவாளத்தின் மேல் ஈரமான விரலை நகர்த்துங்கள். குளிர்ச்சி படும் இடத்தில் காற்று நுழைகிறது, காற்று நுழையும் வழியில் சத்தமும் நுழையும். கீல் வைத்து, பிடியைத் திருப்பினால் ரப்பரை அழுத்தி மூடும் கதவு இதைவிட எவ்வளவோ மேல். கடைசியாக ஏசியைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் கேளுங்கள், கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குழாய் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது என்று கவனியுங்கள். அந்தச் சுவரில் கட்டில் தலைமாடு இருந்தால் பக்கத்து அறைக்காரர் இரவில் எழும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கும் தெரியும்.

போனில் உள்ள ஒலிமானி ஆப்கள் டெசிபலைத் துல்லியமாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே போனில் இரண்டு அறைகளை ஒப்பிடுவதற்கு அவை போதும்.

மாற்றம் கேட்பது என்றால் இப்போதே. பயன்படுத்தாத அறையைத் திரும்பக் கொடுத்தால் அவர்களுக்குச் சுத்தம் செய்யும் வேலை இல்லை. குளித்துவிட்டுப் படுக்கையைக் கலைத்த பிறகு கேட்டால் அது இரண்டு அறை வேலை. 'சத்தமாக இருக்கிறது' என்று சொல்லாமல், 'இடைக்கதவு இருக்கிறது, 14 அல்லது 16இல் முடியும் அறை ஏதாவது காலியா?' என்று கேளுங்கள். இன்று முடியாது என்றால், நாளை காலி ஆகும் அறை எது என்று கேட்டு அந்த எண்ணை உங்கள் பெயரில் குறிக்கச் சொல்லுங்கள்.

இரவைச் சமாளிக்க

நடு இரவில் தொடங்கும் சத்தத்துக்கு, நேரத்தையும் அது வரும் திசையையும் குறித்துக்கொண்டு உடனே ரிசப்ஷனை அழையுங்கள். மறுநாள் காலையில் சொன்னால் அது வெறும் மனக்குறையாகப் போய்விடும்.

அறைக்கதவின் அடி இடுக்கில் ஒரு குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டி வையுங்கள். காரிடார் பேச்சும் வெளிச்சமும் சட்டென்று குறையும். இடைக்கதவுக்கும் இதுவே. தடித்த திரைச்சீலை சத்தத்தைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம், அது அறைக்குள் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். ஏசி விசிறியைச் சீரான வேகத்தில் ஓடவிட்டால் சின்னச் சின்னச் சத்தங்கள் அதில் அமுங்கிவிடும்; ஆட்டோ என்று வைத்தால் நின்று நின்று ஓடி அதுவே எழுப்பிவிடும்.

நுரைக் காது அடைப்பான்களின் உறையில் 33 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தாலும் அது ஆய்வகக் கணக்கு. சாதாரணமாகப் போட்டுக்கொள்பவருக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. காரணம் போடும் விதம். மெல்லிய குச்சி போல ஆகும் வரை விரலில் உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல் நுனியை மேலும் பின்னுமாக இழுங்கள், துளை நேராகும். உள்ளே செலுத்தி, நுரை விரியும் வரை 20, 30 விநாடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் நேராகப் பார்ப்பவருக்கு அதன் நுனி வெளியே துருத்திக்கொண்டு தெரியாது. தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.